பச்சை வட்டத்தில் இருபது விநாடி

ஏப்ரல் 9, வியாழன்

இன்று என் படகைச் சுட்டு நொறுக்கிவிட்டார்கள். அதுவும் காவல் கப்பல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது. ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. எழுதினால்தான் அடங்கும் என்று ரெனிட்டாவின் பழைய நோட்டில் பாக்கித் தாள்களை எடுத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்காக ஏமாளி என்று எவனும் நினைக்க வேண்டாம்.

கம்ப்யூட்டரில் ஆடுகிற விண்வெளிக் கப்பல் விளையாட்டு அது. என் பேத்தி ரெனிட்டா காதில் கருவியை மாட்டிக்கொண்டு யார் யாரோடோ பேசி ஆடுவாள். தாயில்லாத பிள்ளை. அப்பன், என் மகன் அமல்தாஸ், நிஜக் கப்பலில் நிஜக் கடலில் இருக்கிறான். பதினேழு வயசுப் பிள்ளை யாரோடு பேசுகிறது என்று நான் பார்க்க வேண்டாமா? "எனக்கும் ஒரு படகு வாங்கிக் குடுட்டி" என்று போன வருஷம் நானும் உள்ளே நுழைந்தேன். காவலுக்குத்தான் போனேன். இப்போது என்னிடம் ஏழு படகு. இன்றோடு ஆறு.

அந்த வானத்தை வட்டம் வட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து அரை வரை பச்சை. அங்கே ஒருவன் இன்னொருவனைச் சுட்டால் காவல் கப்பல் வந்து சுட்டவனை அழிக்கும். அரைக்குக் கீழே மஞ்சள். ஒரு வட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகிற வாசலில் ஒரு பீரங்கி மட்டும் இருக்கும், காவல் வராது. சைபர் என்றால் சிவப்பு. கேட்க நாதியில்லை. நான் பச்சையைத் தாண்டியதில்லை. ரெனிட்டாவிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இன்று பச்சையில்தான், விற்றால் காசாகிற விண்கல்லை வெட்டிக்கொண்டிருந்தேன். படகில் இடம் போதாது. வெட்டிய கல்லை வெளியே ஒரு மிதவைப் பெட்டியில் கொட்டி வைத்திருந்தேன். இருபத்தாறு வருஷம் உப்பளத்தில் வாரிய உப்பை வரப்பில் குவித்துவைத்த பழக்கம். கருஞ்சுறா என்று பேர் வைத்த ஒரு பயல் வந்து என் கல்லை அள்ளி, பக்கத்திலேயே தன் பெட்டியில் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான் செய்தான். ஓடவுமில்லை, சுடவுமில்லை. என் கல்தானே? நான் போய்த் திருப்பி எடுத்தேன்.

எடுத்தேனா, என் பேர் மஞ்சளில் மின்னியது. அவன் பெட்டியில் கை வைத்ததால் சட்டப்படி நான் திருடியாம்! அதற்காகவே காத்திருந்தவன் சுட்டான். நான்கே குண்டு. காவல் கப்பல் அசையவில்லை. திருடியைச் சுட்டால் குற்றமில்லை என்பது அங்கே சட்டம். அவன் முதலில் எடுத்தபோது அவன் பேரும் மின்னியிருக்கும். என் படகில் துப்பாக்கி இல்லை, அதனால் அவனுக்குக் கவலையில்லை.

போகும்போது எழுதிவிட்டுப் போகிறான்: "பச்சையில தூங்காதீங்க ஆச்சி."

நான் கத்திய சத்தத்தில் மாடியில் இங்கிலீஷ் வகுப்புப் பாடம் படித்துக்கொண்டிருந்த ரெனிட்டா ஓடிவந்தாள். விஷயத்தைச் சொன்னேன். முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. இளகிய மனசு. எறும்பைக்கூட மிதிக்க மாட்டாள்.


ஏப்ரல் 12, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தேன். மனசு பூசையில் இல்லை.

எங்கள் தமிழ்க் கூட்டத்துக்குத் தலைவர் யோகன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கனடாவில் ரொட்டி சுடுகிற இடத்தில் வேலை. நமக்குச் சாயங்காலம் என்றால் அவருக்குக் காலை. காதுக்கருவியில் அவரிடம் முறையிட்டேன்.

"அம்மா, பச்சையெண்டால் ஆரும் சுடமாட்டினம் எண்டு அர்த்தமில்லை. சுட்டால் தண்டனை கிடைக்கும் எண்டு மட்டும்தான் அர்த்தம். விளங்குதே?"

"அப்ப காவல் எதுக்குய்யா இருக்கு?"

"பிறகு வாறதுக்கு. நீங்கள் செத்தாப் பிறகு."

"நல்லாருக்கு உங்க ஊர் நியாயம்!"

"என்ர ஊர் இல்லை அம்மா. எல்லா ஊரும்தான்." சிரித்தார். "ஒரு நாளைக்குச் சிவப்புக்கு எங்களோட வாங்கோ. அங்க பொலிஸ் இல்லை, ஆனபடியால் எல்லாரும் முழிச்சிருப்பினம். உங்களுக்கு ஒரு துணை, எனக்கு ஒரு துணை. பச்சையிலதான் சனம் தனியச் சாகுது."

சிவப்பாவது, நானாவது. கருவியைக் கழற்றிவிட்டேன்.

மகன் போன் போட்டான். ரெனிட்டா கேட்டிருக்கிறாள்போல, கப்பல் படிப்பு. மாலுமிகளுக்கு மேலே நிற்கிற அதிகாரி ஆகிற படிப்பாம். விண்ணப்பம் மே 15க்குள் போய்ச் சேர வேண்டும். பதினெட்டு நிறையாததால் காப்பாளர் கையெழுத்து வேண்டும். அப்பன் கடலில் கிடப்பதால் அந்தக் கையெழுத்து என்னுடையது.

"நீ என்ன சொன்னாலும் சரிம்மா" என்றான். பெரிய மனசு! பாரத்தை இறக்கிவைத்துவிட்டான்.

போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த தெருவில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற டீச்சர் படிப்பு இருக்கிறது. காலையில் போய் மத்தியானம் வந்துவிடலாம். எங்கள் தெரு முனையில் போலீஸ் பூத்தும் இருக்கிறது.


ஏப்ரல் 15, புதன்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. இனி இரண்டு மாசத்துக்குக் கருவாடும் கத்தரிக்காயும்தான்.

ரெனிட்டா கேட்டாள்: "ஆச்சி, டீச்சர் படிச்சு என்ன செய்ய?"

"பத்திரமா இருக்க."

"பத்திரமா இருக்கதுக்கா படிப்பாங்க?"

வாய். அவள் தாத்தாவின் வாய் அப்படியே. பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய வாய். அதை மட்டும் நான் அவளிடம் சொல்வதில்லை.


ஏப்ரல் 21, செவ்வாய்

திரும்பவும்.

பெரிய சரக்குப் படகில் மூன்று வாரச் சேமிப்பை ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்கப் பச்சை. எண் அரைக்குக் குறையாத வட்டமாகப் பார்த்துப் பார்த்துப் போட்ட பாதை. அது தானாகப் போகட்டும் என்று விட்டுவிட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைக் கூட்டப் போனேன்.

புளி கரைத்துக்கொண்டிருக்கும்போது டமார் டமார். ஓடிவந்தால் மூன்று படகு என்னைச் சுற்றி நிற்கிறது. தகரடப்பா மாதிரி மலிவான படகுகள். பதினெட்டு விநாடியில் என் படகு சுக்குநூறு. இருபதாவது விநாடியில் காவல் கப்பல் வந்தது, மூன்றையும் அழித்தது. அழித்து என்ன? சரக்கெல்லாம் வெளியே மிதக்கிறது. ஓரமாக ஒருத்தன் வந்து அள்ளிக்கொண்டு போகிறான். கருஞ்சுறாதான்!

அரை என்ற எண்ணில் காவல் வர இருபது விநாடி ஆகும். அதற்குள் முடித்துவிடலாம் என்று முன்னாலேயே கணக்குப் பண்ணி, சாகப்போகிற மூன்று படகையும் கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள். இவனுகளுக்குத் தண்டனை ஒரு செலவு, அவ்வளவுதான். அந்த எண்ணை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

"ஆச்சி, குழம்பு நல்லா கொதிக்குதா?" என்று எழுதினான். குழம்பு வைப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? யோகன்தான் என்னைப் பற்றி எல்லாரிடமும் பேசியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரட்டும், இருக்கிறது அவருக்கு.

ரெனிட்டா மாடியிலிருந்து இறங்கிவந்து, "நான்தான் சொன்னேம்லா, தானா ஓட்டுததுல விடாதன்னு" என்றாள். குழம்பும் அடிபிடித்துவிட்டது.


ஏப்ரல் 24, வெள்ளி

இங்கிலீஷ் வகுப்பு முடிந்து ரெனிட்டா ஆறே காலுக்கு வந்தாள். எப்போதும் ஆறு மணிக்கு வந்துவிடுவாள். துப்பட்டா கிழிந்திருந்தது. ஆணியில் மாட்டிவிட்டது என்றாள். வலது கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். சாப்பிடவில்லை.


ஏப்ரல் 25, சனி

ரெனிட்டா சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன்.


ஏப்ரல் 26, ஞாயிறு

ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பிள்ளை பேர் வெளியே வரும். நாளைக்கு ஒரு நல்லது கெட்டது இருக்கிறது.

அவள் மாடிக்குப் போய்விட்டாள். இன்று யாரும் விளையாடவில்லை.


ஏப்ரல் 28, செவ்வாய்

முழங்கால் வலியோடு பூத்துக்கு நடந்தேன். உள்ளே ஒரு சின்னப் போலீஸ்காரர், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இங்கதான் இருந்தியாய்யா?"

"இருந்தேம்மா. என்ன விஷயம்?"

"பத்தடி தள்ளி ஒரு பிள்ள சத்தம் போட்டது காதுல விழலயா?"

"வண்டிச் சத்தம்மா. ஏதும் நடந்துச்சா? புகார் குடுங்க, உடனே வாரோம்."

"நடக்கும்போது வர மாட்டியளா?"

அவர் பேப்பரை மடித்தார். "நடக்கப்போவுதுன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? நடந்தபொறவுதான் வர முடியும். புகார் தாரீங்களா?"

இரண்டு கத்து கத்திவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் ஆத்திரம். அவர் மேல்தான்.


மே 3, ஞாயிறு

ரெனிட்டா இப்போதெல்லாம் வகுப்புக்குப் போவதில்லை. மாடியிலேயே இருக்கிறாள். போகச் சொல்லவும் முடியவில்லை, போகாதே என்று சொல்லவும் முடியவில்லை. விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேசையில் தட்டுக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறாள். நான் எடுத்து அலமாரியில் வைக்கிறேன். மறுவேளை மறுபடியும் தட்டுக்குக் கீழே இருக்கிறது.

எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும். யோகனைக் கூப்பிட்டேன்.

"அந்தக் கருஞ்சுறாவ நான் பிடிக்கணும்."

"சிவப்பிலதான் பிடிக்கலாம் அம்மா. அவர் அங்கதான் கனநாளாத் திரியிறார். நல்ல கெட்டிக்காரன். பச்சைக்குச் சும்மா பகிடிக்குத்தான் வாறவர்."

"என்கிட்ட விளையாட்டா? வாரேன்."

"கோவத்தோட வரக்கூடாது. கவனத்தோட வரவேணும்."

"ரெண்டும் இருக்குய்யா, பயப்படாதீங்க."

ரெனிட்டாவிடம்தான் சத்தியம் வாங்கினேன், என்னிடமே வாங்கியதாக நினைவில்லை. அதனால் பாவமில்லை.


மே 6, புதன்

வாசலுக்கு வாசல் யோகனோடு போய்ப் பழகுகிறேன். சிவப்பில் படகு ஓட்டுவது வேறு மாதிரி. அந்த வட்டத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று திரையோரத்தில் பேர்கள் வரும். புதுப் பேர் வந்த மறுகணம் கூட்டத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் சாவது நான் மட்டுமில்லை. அடுப்பில் ஒன்றும் வைப்பதில்லை. ஒரு மணி நேரம் கண் இமைக்காமல் இருந்தேன். யோகனின் ஆட்கள் இரண்டு பேர், பினாங்கில் ஒருவர், மதுரையில் ஒரு பெண். "அம்மா இருக்கிறா, வாசலை அவ பாப்பா" என்று என்னை நம்பிப் போய்க் கல் வெட்டுகிறார்கள்.

நான்கு நாளாகச் சிவப்பில் இருக்கிறேன். ஒரு தடவையும் சாகவில்லை. பச்சையில் ஒரே மாதத்தில் இரண்டு முறை.

இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.


மே 10, ஞாயிறு

பிடித்துவிட்டேன்.

சாயங்காலம் ஐந்தே முக்கால். என் வேலை ஒரு சின்னப் படகில் வாசலோரம் மறைந்து நிற்பது. எதிரி வந்தால் வலைக்கதிரை வீச வேண்டும். அது பட்டால் படகு தாவி ஓட முடியாது. மற்றவர்கள் வரும்வரை நான் விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

ஓரத்தில் பேர் வந்தது. கருஞ்சுறா.

"வந்துட்டான்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அவசரப்படாதேங்கோ. கிட்ட வரட்டும். ம். இப்ப!"

வீசினேன். பட்டது. திமிறினான், என்னைச் சுட்டான், படகில் பாதி போயிற்று. "விடாதேங்கோ அம்மா, விடாதேங்கோ!" விடவில்லை. பத்து விநாடியில் மற்ற மூன்று பேரும் வந்தார்கள். இங்கே காவலுக்கு வருகிறவர்கள் நடக்கும்போதே வருகிறார்கள். கருஞ்சுறா வெடித்தான்.

அதே நேரத்தில் மாடியிலிருந்து, "ஐயோ, போச்சே!" என்று ஒரு சத்தம். நாற்காலி விழுந்தது.

கருவியைக் கழற்றினேன். பதினான்கு படி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ரெனிட்டாவின் லேப்டாப்பில், உடைந்த படகிலிருந்து தப்பிய முட்டைக்கூடு ஒன்று மிதந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே கருஞ்சுறா என்று பேர். கொஞ்சம் தள்ளி இன்னொரு படகு. அதன் மேல் என் பேர்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"வலை வீசினது நீயா ஆச்சி?" வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். "நீ சிவப்புக்கு வந்தியா?"

"என் கல்ல எடுத்தது நீயாட்டி?"

"எத்தன தடவ சொன்னேன், பச்சன்னா பத்திரம் இல்லன்னு. கேட்டியா? சொன்னா கேக்க மாட்ட. அதான் காமிச்சேன்."

"சத்தியம் பண்ணினியே!"

"ஆறு மாசமா சிவப்புலதான் கெடக்கேன். ஒரு படகு போனதில்ல. இன்னைக்குத்தான் முதல்தடவ, அதும் உன் கையால." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. முகம் கோணிப்போயிற்று.

நான் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். திருடி என்றேன். வளர்த்தவளைக் கொள்ளையடித்தவள் என்றேன். நம்பினேனே என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கடற்கரை ரோட்டுல போறேன்னு சொன்னேன், எல்லாப் பிள்ளைகளும் சேந்து போவோம்னு. நீதான் விடல. பூத் இருக்க தெரு வழியா போ, அதான் பத்திரம்னு சொன்ன. போனேன். தனியாத்தான் போனேன். பூத்துக்குப் பத்தடியிலதான் ஒருத்தன் பைக்க நிறுத்தி என் கையப் பிடிச்சு இழுத்தான். கத்துனேன். ஒருத்தரும் வரல. நானாத்தான் கடிச்சிட்டு ஓடியாந்தேன்."

நான் மாடியை விட்டு இறங்கிவிட்டேன்.


மே 11, திங்கள்

ரெனிட்டாவோடு பேச்சில்லை. புட்டு அவித்தேன். தின்றாள். பாத்திரம் கழுவினாள்.

நேற்றுப் பாதியில் எழுந்து போனேனே, யார் மேல் கோபம் என்று யோகன் கேட்டு எழுதியிருக்கிறார். பதில் போடவில்லை.


மே 12, செவ்வாய்

காலையில் விண்ணப்பத்தை அலமாரியிலிருந்து நானே எடுத்தேன். எட்டுப் பக்கம், எல்லாம் இங்கிலீஷ். எழுத்துக் கூட்டி முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ரெனிட்டா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். புரியாத இடத்தில் கூப்பிட்டேன்.

"இது என்னது?"

"கடல்ல எத்தன மாசம் இருக்கணும்னு போட்டிருக்கு."

"எத்தன?"

"பதினெட்டு."

"கூட எத்தன பேரு?"

"இருவது இருவத்தஞ்சு பேரு இருப்பாங்க."

"பொம்பளையாளு?"

"நான் ஒருத்திகூட இருக்கலாம்."

"முழிச்சிருப்பியா?"

"முழிச்சிருப்பேன் ஆச்சி."

"யாரு வாரா, யாரு போறான்னு பாப்பியா? ஏதும்னா கூட இருக்கவங்ககிட்ட அப்பவே சொல்லுவியா? எனக்குச் சொன்ன மாதிரி மறுநாளு சொல்லாம?"

"அப்பவே சொல்லுவேன். நீ கேப்பியா?"

கோபம் வந்தது. இந்த வயசில் இந்தக் கேள்வி. கையெழுத்துப் போட்டேன். வி. செபஸ்தியம்மாள்.

இருவரும் தபாலாபீஸ் போனோம். விரைவுத் தபாலில் அனுப்பினோம். கவுண்டரில் இருந்த தெரிந்த மனிதர் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளய கப்பலுக்கா அனுப்புதீங்க? பயமாயில்லையா?" என்றார். "இருக்கு. நீங்க முத்திரையக் குத்துங்க" என்றேன்.

வெளியே வந்ததும் ரெனிட்டா வீட்டுப் பக்கம் திரும்பினாள். நான் எதிர்ப்பக்கம் நடந்தேன். எங்கே என்று கேட்கவில்லை. ஸ்டேஷன் வாசல் வந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே எழுத்தர் நல்லவர்தான். உட்கார நாற்காலி போட்டார். முழுக்கக் கேட்டார். ரெனிட்டா ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள், பைக் என்ன நிறம் என்பதுவரை. அவர் பேனாவைத் திறந்தவர் மறுபடி மூடினார்.

"பாட்டியம்மா, ஆத்திரத்துல வந்துட்டீங்க. வயசுப் பிள்ள, பேரு வெளிய வரும். எதுக்கும் வீட்டுல போயி நல்லா யோசிச்சிட்டு வாங்களேன்."

பதினாறு நாளைக்கு முன்னால் இதை யாராவது சொல்லியிருந்தால் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்திருப்பேன்.

"அவ அன்னைக்கே யோசிச்சிட்டா சார்" என்றேன். "யோசிக்காதவ நான்தான். எழுதுங்க."

பேனாவைத் திறந்தார்.